மனு லேட் என்று தள்ளிவிட்டார்களா? அமெரிக்கச் சிறையிலிருந்து ஹேபியஸ் அப்பீல் போடுவது எப்படி

"காலக்கெடு கடந்துவிட்டது, மனு தள்ளுபடி" என்று ஃபெடரல் கோர்ட்டிலிருந்து தாள் வந்திருக்கிறதா? அழுகையையும் கோபத்தையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தீர்ப்பு எந்தத் தேதியில் பதிவானது என்று பாருங்கள். அதிலிருந்து 30 நாள் எண்ணி, காலண்டரில் வட்டம் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மனு தாமதமானதற்குக் காரணம் சொல்லித் தப்பிக்கச் சில வழிகள் உண்டு. அப்பீல் தாமதமானால் அதை மன்னிக்கிற அதிகாரமே ஜட்ஜுக்குக் கிடையாது, மிகக் குறுகலான இரண்டு விதிவிலக்குகளைத் தவிர. முதல் தேதியைத் தவறவிட்டவர்கள், அது எப்படித் தவறியது என்று பத்துப் பக்கம் விளக்கம் எழுதிக்கொண்டே இரண்டாவது தேதியையும் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. சிறையில் இருக்கும் ஒன்றிரண்டு பேரின் குடும்பங்களுக்குக் கோர்ட் தாள்களைப் படித்துச் சொல்லியும், மொழிபெயர்த்துக் கொடுத்தும் பழக்கம், அவ்வளவுதான். வக்கீல் வைக்க முடிந்தால் வையுங்கள். ஆனால் இந்த வகை வழக்கில் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை கிடையாது. கோர்ட் விரும்பினால் நியமிக்கலாம், பெரும்பாலும் நியமிப்பதில்லை. அதனால் கைதியே தன் கையால் எழுதிப் போடுவதுதான் சகஜம், அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ஆட்கொணர்வு மனு என்றால் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஆளை ஹைகோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வது, அல்லது குண்டர் சட்டக் காவலை உடைப்பது. பேப்பரில் படிப்பதெல்லாம் அந்த மாதிரி செய்திதான். அமெரிக்காவில் அதே பெயரில் நடப்பது பெரும்பாலும் வேறு வேலை. மாநில கோர்ட்டில் தண்டனை பெற்று, மாநில அப்பீல் எல்லாம் முடிந்துபோன கைதி, "என் அரசமைப்பு உரிமையை மீறித்தான் என்னைத் தண்டித்தார்கள்" என்று ஃபெடரல் கோர்ட்டுக்குப் போவதுதான் அங்கே ஹேபியஸ். சட்டப் பிரிவு 2254. ஃபெடரல் கைதிகளுக்கு 2255. இரண்டுக்கும் தீர்ப்பு இறுதியானதிலிருந்து பொதுவாக ஒரு வருடம்தான் கெடு. நான் சொல்லப்போவது 2254 பற்றி. 2255-இல் எங்கெங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் குறிப்பிடுகிறேன். குடியேற்றத் துறைக் காவலில் இருப்பவர் 2241-இன் கீழ் போடும் மனுவுக்கு இந்த ஒரு வருடக் கெடு கிடையாது, ஆகவே அவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

அந்த ஒரு வருடக் கெடுவைக் கொண்டுவந்தது 1996-இல் வந்த சட்டம், சுருக்கமாக எட்பா (AEDPA) என்பார்கள். அதற்கு முன் இப்படி ஒரு கெடுவே இல்லை.

கையில் இருப்பது தீர்ப்பா, பரிந்துரையா?

ஃபெடரல் மாவட்ட கோர்ட்டில் இந்த மனுக்களைப் பெரும்பாலும் முதலில் மேஜிஸ்திரேட் ஜட்ஜ்தான் படிப்பார். அவர் எழுதுவது "அறிக்கையும் பரிந்துரையும்". தாளின் தலைப்பிலேயே அப்படி இருக்கும். இரு தரப்பும் சம்மதித்து வழக்கையே அவரிடம் விட்டிருந்தால் ஒழிய, அது தீர்ப்பு இல்லை, அதன்மேல் அப்பீல் போட முடியாது. செய்ய வேண்டியது ஆட்சேபம். அதற்குக் கெடு 14 நாள். இந்த 14 நாளைச் சும்மா விட்டுவிட்டு, "ஜட்ஜ் கையெழுத்துப் போடட்டும், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால், பல சர்க்யூட் கோர்ட்டுகள் (மாவட்ட கோர்ட்டுக்கு மேலே இருக்கும் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகள்) "கீழே ஆட்சேபிக்காததை இங்கே பேசாதே" என்று சொல்லிவிடும். ஆட்சேபத்தில் மொத்தமாக "இது அநியாயம்" என்று எழுதினால் போதாது. எந்தப் பக்கத்தில், எந்தத் தேதிக் கணக்கு தப்பு என்று குறிப்பாக எழுத வேண்டும்.

மாவட்ட ஜட்ஜே கையெழுத்துப் போட்டு "தள்ளுபடி" என்று தீர்ப்பு பதிவாகிவிட்டது என்றால் 30 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது. 2255 என்றால் 60 நாள், ஏனென்றால் அங்கே எதிர்த்தரப்பு அமெரிக்க அரசு.

இந்த 30 நாள் எவ்வளவு கறாரானது என்பதற்கு கீத் பவுல்ஸ் வழக்கைப் பாருங்கள். ஓஹையோ சிறையில் கொலைத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். ஹேபியஸ் தள்ளுபடியானது, அப்பீல் தேதி தவறியது, மறுபடி திறக்கக் கேட்டார், ஜட்ஜும் சரி என்றார். விதிப்படி அந்த ஜட்ஜ் கொடுக்கக்கூடியது 14 நாள். அவர் ஏனோ 17 நாள் கொடுத்து, பிப்ரவரி 27-க்குள் போடு என்று உத்தரவில் எழுதிவிட்டார். பவுல்ஸ் தரப்பு பிப்ரவரி 26 அன்று போட்டது. ஜட்ஜ் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே! 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், சட்டம் சொன்னது 14 நாள், ஜட்ஜே தப்பாகச் சொல்லியிருந்தாலும் அதை நம்பியது உன் பாடு என்று கதவைச் சாத்திவிட்டது. என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பு அநியாயம்தான். ஆனால் இன்றைக்கும் அதுதான் சட்டம். ஆகவே கோர்ட் கிளர்க் சொன்னார், ஜட்ஜ் சொன்னார், பக்கத்து செல்காரர் சொன்னார் என்று எதையும் நம்ப வேண்டாம். நீங்களே விதியைப் படித்து எண்ணுங்கள்.

அந்த இரண்டு விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். 30 நாள் கடந்த பிறகு இன்னும் 30 நாளுக்குள், தகுந்த காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம். தீர்ப்பு வந்ததே 21 நாள் வரை உங்களுக்குத் தெரியவில்லை என்றால் (சிறை மாற்றத்தில் கடிதம் அலைவது அடிக்கடி நடக்கும்) மறுபடி திறக்கக் கேட்கலாம்: தகவல் கைக்கு வந்த 14 நாளுக்குள், அல்லது தீர்ப்பு பதிவான 180 நாளுக்குள், இதில் எது முந்தியோ அது. 180 தாண்டினால் கதை முடிந்தது. இதிலே ஒரு நல்ல செய்தி: மறுபடி திறக்கக் கேட்டுக் காத்திருக்கும்போதே அப்பீல் நோட்டீஸைப் போட்டுவிட்டால், கோர்ட் கதவைத் திறந்தபின் அதையே மறுபடி போட வேண்டியதில்லை என்று 2025-இல் பாரிஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு பக்கம் போதும், ஆனால் எந்தப் பெட்டியில் போடுகிறீர்கள் என்பது முக்கியம்

அப்பீல் நோட்டீஸ் என்பது ஒரே ஒரு பக்கம். வழக்கு எண், யார் அப்பீல் செய்கிறார், எந்தத் தேதியிட்ட தீர்ப்பின்மேல், எந்த சர்க்யூட் கோர்ட்டுக்கு, கையெழுத்து, தேதி. அவ்வளவே. வாதம் எதுவும் அதில் வேண்டாம். அதை மேல்கோர்ட்டுக்கு அல்ல, தள்ளுபடி செய்த அதே மாவட்ட கோர்ட்டின் கிளர்க்குக்கு அனுப்ப வேண்டும்.

வக்கீல் இல்லாத கைதிக்கு ஒரு சலுகை உண்டு. 1988-இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில் வந்தது: நோட்டீஸ் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாள் கணக்கில்லை, சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாள்தான் கணக்கு. சிறைக்குள் இருப்பவன் தபால்காரன் பின்னாலேயே ஓட முடியாது அல்லவா. ஆனால் சலுகைக்கு நிபந்தனை இருக்கிறது. சிறையில் சட்டக் கடிதங்களுக்கென்று தனி ஏற்பாடு இருந்தால் அதில்தான் கொடுக்க வேண்டும், சாதாரணப் பெட்டியில் போட்டால் சலுகை போய்விடலாம். கூடவே ஒரு உறுதிமொழி எழுதி வைக்க வேண்டும்: இன்ன தேதியில், இன்ன சிறையில், தபால்செலவு முன்பே கட்டி, அதிகாரியிடம் கொடுத்தேன், பொய் என்றால் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்படுகிறேன். மூன்று வரிதான். முடிந்தால் வாங்கிக்கொண்ட அதிகாரியின் பெயர், நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள். சிறையில் கடிதப் பதிவேடு இருக்கும். பிற்பாடு தகராறு வந்தால் அந்த ஒரு வரிப் பதிவுதான் காப்பாற்றும்.

இந்தச் சலுகையைக் குடும்பத்தார் அறியாமலே கெடுத்துவிடுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "உள்ளேயிருந்து போனால் லேட்டாகும், எங்களுக்கு அனுப்பு, நாங்கள் கூரியரில் போட்டுவிடுகிறோம்" என்று தம்பியிடமிருந்து தாளை வீட்டுக்கு வரவழைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அக்கா கையால் அனுப்பியது சிறைத் தபால் ஆகாது, போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்காகும். அவர்கள் நல்ல நேரம், இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொன்று, தயவு செய்து தம்பி பெயரில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் அல்லாத யாரும், அம்மாவாகவே இருந்தாலும், இன்னொருவருக்காக அங்கே கையெழுத்திட முடியாது.

கட்டணம்: மாவட்ட கோர்ட்டில் ஹேபியஸ் மனுவுக்கு வெறும் 5 டாலர்தான், அதனால் அப்பீலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள். அப்பீலுக்கு 605 டாலர். கட்ட முடியாதவர்கள் ஏழை மனுவாகக் கேட்கலாம். அதற்குக் குறிப்பிட்ட படிவமும், சிறைக் கணக்கில் இருக்கும் பணத்தின் விவரமும் வேண்டும். அந்தக் கணக்கு விவரத்தைச் சிறை அலுவலகம் தர நாளாகும், எனவே தீர்ப்பு வந்த அன்றே கேட்டுவிடுங்கள். ஆனால் பணத்துக்கோ படிவத்துக்கோ காத்திருந்து நோட்டீஸைத் தாமதிக்க வேண்டாம். நோட்டீஸ் முதலில் போகட்டும்.

சிஓஏ: இரண்டு காலில் நிற்க வேண்டும்

நோட்டீஸ் போட்டதால் மட்டும் அப்பீல் கேட்கப்படாது. ஹேபியஸில் கைதி அப்பீல் செய்ய "மேல்முறையீட்டுக்கு உகந்தது" என்ற சான்று வேண்டும். எல்லோரும் அதைச் சிஓஏ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தள்ளுபடி செய்யும்போதே மாவட்ட ஜட்ஜ் சிஓஏ தருவதா மறுப்பதா என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் "மறுக்கப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கும். பிறகு சர்க்யூட் கோர்ட்டில் கேட்க வேண்டும். தனியாகக் கேட்காவிட்டால் நோட்டீஸையே வேண்டுகோளாக எடுத்துக்கொள்வார்கள் என்று விதி இருக்கிறது; ஆனால் ஒரு பக்க நோட்டீஸில் என்ன இருக்கிறது அவர்கள் பார்க்க? தனியாக எழுதிக் கேளுங்கள்.

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மனு லேட் என்று தள்ளினார்கள், அதனால் சிஓஏ விண்ணப்பத்தில் லேட் இல்லை என்பதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 2000-இல் வந்த ஸ்லாக் எதிர் மெக்டேனியல் தீர்ப்புப்படி, நடைமுறைக் காரணத்துக்காகத் தள்ளப்பட்ட வழக்கில் இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, காலக்கெடு பற்றிய கோர்ட்டின் முடிவு சரியா என்பதில் விவரமறிந்த ஜட்ஜுகளுக்கே கருத்து வேறுபாடு வரலாம். இரண்டு, அடிப்படை மனுவில் அரசமைப்பு உரிமை மீறப்பட்டது என்ற செல்லுபடியாகும் புகார் இருக்கிறதா என்பதிலும் அப்படியே. முதல் காலை மட்டும் ஊன்றி நின்றால் விழுந்துவிடுவீர்கள். எனவே விண்ணப்பத்தின் முதல் பாதியில் தேதிகள், இரண்டாம் பாதியில் "விசாரணையில் என் வக்கீல் இந்தச் சாட்சியைக் கூப்பிடவே இல்லை, அதனால் திறமையான வக்கீல் உதவி பெறும் ஆறாம் திருத்த உரிமை போனது" என்பது மாதிரி உண்மையான குறை. பழைய மனுவில் உள்ளதைச் சுருக்கி எழுதினால் போதும், புதுக் குறைகளை இங்கே நுழைக்க முடியாது.

இன்னொன்று, இந்தக் கட்டத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை. விவாதத்துக்கு இடமிருக்கிறது என்று காட்டினால் போதும். 2003-இல் மில்லர்-எல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதனால் இதே கேள்வியில் வேறு ஒரு சர்க்யூட் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லியிருந்தால் அதைத் தேடிப் பிடித்துப் போடுங்கள். ஜட்ஜுகளே இரண்டாகப் பிரிந்திருக்கும்போது விவாதத்துக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

முதலில் கோர்ட்டின் கூட்டல் கழித்தலைச் சரிபாருங்கள்

மன்னிப்புக் கேட்பதற்கு முன், உண்மையிலேயே லேட்டா என்று பாருங்கள். கணக்கு இப்படிப் போகும். ஒரு கைதியின் நேரடி அப்பீலை மாநில உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 9 அன்று மறுத்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. போகாவிட்டாலும் அந்த 90 நாள் உங்களுக்குச் சொந்தம். ஜூன் 7 அன்று அது முடிகிறது. ஒரு வருடக் கடிகாரம் மறுநாள் ஓடத் தொடங்கும், எதுவுமே செய்யாவிட்டால் 2023 ஜூன் 7 கடைசி நாள். இவர் 2023 பிப்ரவரி 2 அன்று மாநில கோர்ட்டில் தண்டனைக்குப் பிந்தைய மனு ஒன்றைப் போடுகிறார். அதுவரை ஓடியது 239 நாள், மிச்சம் 126. மாநில மனு நிலுவையில் இருக்கும் வரை கடிகாரம் நிற்கும். 2024 ஜனவரி 16 அன்று மாநிலத்தின் மேல்கோர்ட் வரை போய் மறுக்கப்படுகிறது. மறுநாள் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது: 126 நாள், 2024 மே 21.

நம் ஆள் என்ன நினைத்தார்? மாநில கோர்ட் மறுத்த நாளிலிருந்து புதிதாக ஒரு வருடம் என்று நினைத்து, "இன்னும் ஆறு நாள் இருக்கிறது" என்ற நிம்மதியோடு 2025 ஜனவரி 10 அன்று மனுவைக் கொடுத்தார். 234 நாள் லேட். இது கற்பனைக் கணக்குதான், ஆனால் தவறு ரொம்பவும் நிஜம். கடிகாரம் நிற்கிறதே தவிர, பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதில்லை. அந்த இரண்டாவது மறுப்புக்குப் பிறகு இன்னொரு 90 நாள் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் கிடையாது என்று 2007-இல் லாரன்ஸ் வழக்கில் முடிவாகிவிட்டது. முதல் ஃபெடரல் மனு நிலுவையில் இருந்த காலமும் கழியாது. மாநில மனுவே அந்த மாநிலத்தின் கெடு தாண்டிப் போட்டதாக இருந்தால் அதுவும் கடிகாரத்தை நிறுத்தாது.

இனி உங்களுக்குச் சாதகமான இடங்கள். தண்டனையை ரத்துசெய்து மறுபடி தண்டனை விதித்தார்களா? அப்படியானால் புதுத் தீர்ப்பு இறுதியான நாளிலிருந்து எண்ண வேண்டும், கோர்ட் பழைய தேதியிலிருந்து எண்ணியிருக்கலாம். மாநில கோர்ட்டில் மறுபரிசீலனை மனு ஒன்று நிலுவையில் இருந்ததை விட்டுவிட்டார்களா? உங்கள் மனுவைக் கோர்ட் முத்திரைத் தேதியில் எண்ணினார்களா, சிறையில் கொடுத்த தேதியிலா? ஐந்தாறு நாள்தான் லேட் என்றால் இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே வழக்கைத் திருப்பிவிடும். கடைசி நாள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். அப்புறம், ஒரு வருடம் எப்போதும் தீர்ப்பு இறுதியான நாளில்தான் தொடங்கும் என்றில்லை: அரசுத் தரப்பு மறைத்துவைத்த ஆதாரம் பிற்பாடு வெளிவந்தால், தகுந்த அக்கறையோடு தேடியிருந்தால் அது எப்போது கிடைத்திருக்கும் என்ற நாளிலிருந்தும் எண்ணலாம், மாநிலமே சட்டவிரோதமாக உங்களைத் தடுத்திருந்தால் அந்தத் தடை நீங்கிய நாளிலிருந்து.

உண்மையிலேயே லேட் என்றால்

அப்போதுதான் ஈக்விட்டபிள் டோலிங் என்று சொல்கிறார்களே, அந்த நியாய அடிப்படையிலான கால விலக்கு வருகிறது. 2010-இல் ஹாலண்ட் எதிர் ஃப்ளோரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. இரண்டு விஷயம் வேண்டும்: நீங்கள் விடாமல் முயன்றீர்கள், ஏதோ ஒரு அசாதாரணமான சூழ்நிலை குறுக்கே நின்று தடுத்தது.

ஆல்பர்ட் ஹாலண்ட் மரண தண்டனைக் கைதி. கோர்ட் நியமித்த வக்கீலுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், கெடு தவறிவிடக் கூடாது என்று திரும்பத் திரும்ப நினைவூட்டினார். பதில் இல்லை. வேறு வக்கீல் கொடுங்கள் என்று கோர்ட்டுக்கு எழுதினார், கிளர்க்குக்கு எழுதினார், வக்கீல் சங்கத்துக்கும் புகார் அனுப்பினார். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்ததையே அந்த வக்கீல் அவருக்குச் சொல்லவில்லை. கெடு முடிந்து ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்துச் சிறை நூலகத்தில் தற்செயலாகத் தெரிந்துகொண்டார். உடனே தன் கையாலேயே மனு எழுதி மறுநாள் தபாலில் சேர்த்தார். அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். தெரிந்த மறுநாள். அதற்கப்புறம் எட்டு மாதம் யோசித்துக்கொண்டிருந்தால் முன்னால் எழுதிய கடிதங்கள் எல்லாம் வீணாகியிருக்கும். மனித சக்திக்கு மீறிய முயற்சி தேவையில்லை, நியாயமான முயற்சி போதும் என்றுதான் தீர்ப்பு சொன்னது.

எது எடுபடாது என்று பட்டென்று சொல்லிவிடுகிறேன். சட்டம் தெரியாது என்பது எடுபடாது. வக்கீல் நாளைத் தப்பாக எண்ணிவிட்டார் என்பது, எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், எடுபடாது. வக்கீல் கைவிட்டுவிட்டார், பொய் சொன்னார், கோப்பைத் தர மறுத்தார் என்றால் பேச்சு வேறு. இரண்டு வாரம் லாக்டவுன், நூலகத்துக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் விட்டார்கள் என்பதெல்லாம் சிறை வாழ்க்கையில் சாதாரணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கடுமையான மனநோயால் மனுவே தயாரிக்க முடியாத நிலை, கோப்புகளைச் சிறை பறிமுதல் செய்து மாதக்கணக்கில் வைத்திருந்தது போன்றவை பல சர்க்யூட்டுகளில் எடுபட்டிருக்கின்றன, மருத்துவப் பதிவும் ரசீதும் இருந்தால்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று: மொழி. ஆங்கிலம் வராது என்பது தானாக ஒரு காரணம் ஆகாது. ஆனால் ஒன்பதாம் சர்க்யூட் 2006-இல் மெண்டோசா வழக்கிலும், மூன்றாம் சர்க்யூட் 2011-இல் பபோன் வழக்கிலும், தன் மொழியில் சட்டத் தகவலும் இல்லை, முயன்றும் மொழிபெயர்ப்பு உதவியும் கிடைக்கவில்லை என்றால் கால விலக்குக்கு இடமுண்டு என்று சொல்லியிருக்கின்றன. அந்த வழக்குகள் ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர்களுடையவை. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அதே தர்க்கம் இன்னும் பலமாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் சிறையில் ஸ்பானிஷ் தெரிந்த இன்னொரு கைதி கிடைப்பார், தமிழ் தெரிந்தவருக்கு எங்கே போவது? இரண்டாம் சர்க்யூட் 2008-இல் டியாஸ் வழக்கில் வைத்த நிபந்தனையை மறக்காதீர்கள்: உதவி தேடி நீங்கள் எடுத்த முயற்சியைக் காட்ட வேண்டும். யாரிடம், எந்த மாதம், எப்படிக் கேட்டீர்கள், என்ன பதில். "யாருமே இல்லை" என்று ஒரு வரியில் முடித்தால் தோற்பீர்கள்.

ஆகவே ஒரு பெரிய தாளில் கெடு தொடங்கிய நாள் முதல் மனு கொடுத்த நாள் வரை மாதம் மாதமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்று நிரப்புங்கள். வக்கீலுக்கு எழுதிய கடிதத்தின் நகல், திரும்பி வந்த கவர், சட்டக் கடிதப் பதிவேடு, நூலகக் கோரிக்கைச் சீட்டு, சிறை மாற்ற ஆவணம். காலியாகக் கிடக்கும் கட்டங்களைத்தான் எதிர்த்தரப்பு முதலில் தொடும். இவற்றை அப்பீலில் புதிதாகக் காட்ட முடியாது. கீழ்க் கோர்ட்டிலேயே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லையா? தீர்ப்பிலிருந்து 28 நாளுக்குள் ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 59-இன் கீழ் தீர்ப்பைத் திருத்தக் கேட்கலாம், உரிய நேரத்தில் போட்டால் அப்பீல் கடிகாரமும் அது முடியும் வரை காத்திருக்கும். ஏன் முன்பே காட்டவில்லை என்று கேட்பார்கள், அதற்கும் பதில் வேண்டும். அந்த 28 நாள் ஒரு நாள்கூட நீட்டிக்கப்படாது. அதுவும் போய்விட்டால், தீர்ப்பிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விதி 60 இருக்கிறது; காலக்கெடு முடிவை மட்டும் எதிர்த்தால் அது இரண்டாவது ஹேபியஸ் மனுவாகக் கருதப்படாது என்று 2005-இல் கொன்சாலஸ் எதிர் கிராஸ்பி வழக்கில் முடிவானது. ஆனால் அது அப்பீல் கடிகாரத்தை நிறுத்தும் என்று நம்பி உட்காராதீர்கள்.

ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ "வக்கீலுக்கு நான்தான் போன் செய்தேன், எடுக்கவே இல்லை" என்று சாட்சி சொல்வதாக இருந்தால் நோட்டரி தேடி அலைய வேண்டியதில்லை. உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே கையெழுத்திடுபவர், "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்" என்ற சொற்களையும் சேர்க்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட சான்றும் இணையுங்கள். அந்த விடுபட்ட சொற்களுக்காக மாமாவின் சாட்சியத்தை எதிர்த்தரப்பு ஒதுக்கச் சொல்லும், சொல்லியும் இருக்கிறார்கள்.

நிரபராதி என்ற வாசல் ஒன்று தனியாக இருக்கிறது. 2013-இல் பெர்கின்ஸ் வழக்கில், உண்மையிலேயே நிரபராதி என்று நிரூபணமானால் ஒரு வருடக் கெடு தடையாகாது என்றார்கள். வாசல் ரொம்பச் சின்னது. விசாரணையில் வராத நம்பகமான புது ஆதாரம் வேண்டும், அதைப் பார்த்திருந்தால் நியாயமான எந்த ஜூரரும் தண்டித்திருக்க வாய்ப்பில்லை என்ற அளவுக்கு. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா இருந்தால் அதன் நம்பகத்தன்மையைச் சந்தேகிப்பார்கள்.

வெளியே இருப்பவர்கள் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு. ஃபெடரல் கோர்ட் பதிவுகளைப் பார்க்கும் பேசர் (PACER) என்ற தளத்தில் ஒரு கணக்குத் திறந்து வாரம் ஒருமுறை வழக்கின் பதிவைப் பாருங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் பணமே இல்லை. சிறைக்குத் தபால் போய்ச் சேருவதற்குள் தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, அவரை வேறு சிறைக்கு மாற்றினால் அன்றே முகவரி மாற்றக் கடிதம் கோர்ட்டுக்கு எழுதச் சொல்லுங்கள். போனில் வழக்கின் உள்விவரங்களைப் பேச வேண்டாம், சிறைப் போன் பதிவாகிறது.

சிஓஏ கிடைத்தால் அதில் எந்தக் கேள்வி குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் வைத்து விரிவான வாதம் எழுதக் கால அட்டவணை வரும். ஜெயித்தாலும் ஆள் வெளியே வந்துவிடமாட்டார். வழக்கு மாவட்ட கோர்ட்டுக்குத் திரும்பும், லேட்டா இல்லையா என்பதைத் தாண்டி அவருடைய குறையை அங்கே முதல்முறையாகப் படிப்பார்கள். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சிஓஏ மறுக்கப்பட்டால் 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், 2255 என்றால் 45 நாள். சில சர்க்யூட்டுகளில் சிஓஏவை ஒரே ஒரு ஜட்ஜ் மறுத்திருப்பார், இன்னும் இரண்டு பேர் பார்க்கட்டும் என்று கேட்பதில் தப்பில்லை. அதுவும் போனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். எண்ண வேண்டியது மறுப்பு உத்தரவு பதிவான தேதியிலிருந்து, அந்த உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல.